“கொல்வது பாவமா, விட்டுவைப்பது பாவமா?” – கறிக்கோழி வளர்க்கும் ஒரு சகோதரிக்குக் கால்நடை மருத்துவரின் பதில்

பினாங்கு பெருநிலத்தில், செபராங் பிறை தெற்குப் பக்கம் ஒப்பந்த முறையில் கறிக்கோழி வளர்க்கும் ஒரு சகோதரி எழுதிய கடிதத்துக்கான பதில் இது. பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதம் நீளமானது என்பதால் சாரத்தை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

கணவருக்கு வாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதிலிருந்து பண்ணையை இவர்தான் பார்த்துக்கொள்கிறார். 40 அடி அகலம், 300 அடி நீளத்தில் ஒரு திறந்த கொட்டகை, தரையில் உமி, வேலைக்கு இரண்டு வெளிநாட்டுத் தொழிலாளர்கள். குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனி கொடுக்கிறது. கொட்டகை, கரண்ட், தண்ணீர், ஆள்கூலி இவர் பொறுப்பு. ஒரு பேட்சுக்கு 12,000 குஞ்சு இறக்கிக்கொண்டிருந்த இடத்தில் அடுத்த பேட்சிலிருந்து 15,000 இறக்கப்போவதாகச் சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். “ஐரோப்பாவிலேயே இதைவிட நெருக்கமாக வளர்க்கிறார்கள், அக்கா” என்பது அவர் வாதம். நாலாவது வாரத்தில் கால் விரிந்து உட்கார்ந்துவிடும் கோழிகளை என்ன செய்வது என்று இவருக்குத் தெரியவில்லை. மாமியார், “நம் கையால் கொல்ல வேண்டாம், விதி முடிந்தால் தானாகப் போகும்” என்கிறார், அதனால் அப்படியே விட்டுவிடுகிறார்கள். கோலாலம்பூரில் கணக்கியல் படிக்கும் மகள் இணையத்தில் ஏதோ காணொளியைப் பார்த்துவிட்டு, “அம்மா, கூண்டில் அடைத்து ஹார்மோன் ஊசி போட்டு வளர்க்கிற கோழிக் காசில்தான் நான் படிக்கிறேனா?” என்று கேட்டு, வீட்டில் கோழி சாப்பிடுவதையே நிறுத்திவிட்டாள். கம்பெனியை எதிர்த்துப் பேசினால் குஞ்சு வராது, கொட்டகைக் கடன் பாக்கி இருக்கிறது. “டாக்டர், இதை விட்டுவிடலாமா? நான் செய்வது குற்றமா? யாராவது புகார் கொடுத்தால் என்னைப் பிடிப்பார்களா?” என்று முடித்திருக்கிறார்.

அன்புச் சகோதரி,

நீங்கள் கடைசியாகக் கேட்ட கேள்விகளுக்குப் பிறகு வருகிறேன். கடிதத்தின் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “காலையில் போனால் அதே இடத்தில் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டே கிடக்கும், இரண்டு மூன்று நாள் ஆகும்.” அங்கேதான் தொடங்க வேண்டும், ஏனென்றால் உங்கள் கொட்டகையில் இப்போது நடக்கிற கொடுமைகளில் பெரியது அதுதான், அதை நிறுத்த கம்பெனியின் அனுமதியும் வேண்டாம், பணமும் வேண்டாம்.

நடக்க முடியாத கோழி தண்ணீர்க் குழாய்வரை போக முடியாது. நிப்பிள் குழாய் (கோழி கொத்தினால் தண்ணீர் சொட்டும் முனைகள் உள்ள குழாய்) நிற்கிற கோழியின் உயரத்துக்குத் தூக்கிவைத்திருப்பது, உட்கார்ந்த கோழிக்கு எட்டவே எட்டாது. ஆகவே அது சாவது கால் வலியால் மட்டுமல்ல, தாகத்தால். மூட்டு அழுத்துகிற இடத்தில் உமி ஈரமாகி, சூட்டில் தோல் வெந்துபோய், மற்ற கோழிகள் மேலே ஏறி மிதித்து, இத்தனைக்கும் பிறகுதான் விதி முடிகிறது. கோழிக்கு வலி தெரியுமா என்ற சந்தேகம் சிலருக்கு இருக்கும். பிரிட்டனில் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000-இல் வெளியிட்ட ஒரு சோதனையில், வலி நிவாரணி கலந்த தீவனத்தையும் கலக்காத தீவனத்தையும் தனித்தனி நிறத்தில் வைத்துக் கோழிகளையே தேர்ந்தெடுக்க விட்டார்கள். நொண்டிக் கோழிகள் மருந்துள்ள தீவனத்தை அதிகமாகத் தின்றன, நொண்டல் கூடக்கூட மருந்தும் கூடுதலாகத் தின்றன. அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

உங்கள் மாமியாரைக் குறை சொல்லவில்லை. உயிரைக் கொல்லக்கூடாது என்ற மனசு நல்ல மனசு. ஆனால் இந்தக் கோழியின் விஷயத்தில் கையை எடுத்துக்கொள்வது அதை விடுவிப்பதாகாது, கண்ணுக்குப் படாத இடத்தில் சாக விடுவதுதான். தினமும் காலையும் மாலையும் கொட்டகையின் முழு நீளத்துக்கும் மெதுவாக நடந்து, எழுந்து நடக்காமல் கிடக்கும் கோழிகளை எடுங்கள். லேசான நொண்டல் உள்ளவற்றை ஒரு மூலையில் தடுப்பு கட்டி, தாழ்வான தட்டில் தண்ணீரும் தீவனமும் வைத்து ஒரு நாள் பாருங்கள். எழுந்து நிற்கவே முடியாதவற்றை, மூச்சுக்குத் திணறுபவற்றை, அன்றைக்கே வலியில்லாமல் முடித்துவிட வேண்டும். கழுத்தெலும்பை ஒரே இழுப்பில் விலக்குகிற முறை இருக்கிறது, சரியாகச் செய்தால் நொடியில் முடியும், தப்பாகச் செய்தால் அதுவே வதை, அதனால் படித்துப் பார்த்துச் செய்கிற காரியம் அல்ல இது. கம்பெனியின் மருத்துவரையோ உங்கள் வட்டாரக் கால்நடைச் சேவைத் துறை அதிகாரியையோ நேரில் வரவழைத்து உங்கள் தொழிலாளர்களில் ஒருவருக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். எந்த நிலையில் எடுக்கலாம் என்பதை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அது உங்களுக்குச் சட்டப் பாதுகாப்பும்கூட. உங்களால் அந்தக் காரியத்தைச் செய்ய முடியாது என்றால் செய்ய வேண்டாம், ஆனால் யார் செய்கிறார், தினமும் செய்கிறாரா என்பதைப் பார்ப்பது உங்கள் வேலை. அப்படி முடித்த கோழி உணவுக்குப் போகக்கூடாது என்பதைத் தொழிலாளர்களிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

ஹார்மோன் ஊசியும் கூண்டும்

மகளிடம் சொல்ல வேண்டியது இது. உங்கள் கோழிகளுக்கு யாரும் ஹார்மோன் ஊசி போடவில்லை. பன்னிரண்டாயிரம் கோழியைப் பிடித்து ஊசி போட ஆள் எங்கே இருக்கிறது? வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம், தீவனத்தில் கலந்தால் வயிற்றிலேயே செரித்துப் போய்விடும். கூண்டு விஷயமும் அப்படித்தான், மகள் பார்த்தது அநேகமாக முட்டைக் கோழிப் பண்ணையாக இருக்கும். நம் நாட்டில் கறிக்கோழி பெரும்பாலும் கொட்டகையில் தரையிலோ பலகைத் தளத்திலோதான் வளர்கிறது. அதனால்தான் கறிக்கோழிப் பொட்டலத்தில் ‘கூண்டில்லாதது’ என்று போட்டிருந்தால் நான் அதற்குப் பெரிய மதிப்புக் கொடுப்பதில்லை.

ஆனால் ஹார்மோன் இல்லை என்று சொல்லிவிட்டு நிம்மதியாக உட்கார முடியாது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தினர் 1957-ஆம் ஆண்டுக் கோழி இனத்தையும், 1978-ஆம் ஆண்டு இனத்தையும், 2005-ஆம் ஆண்டின் ரோஸ் 308 இனத்தையும் ஒரே தீவனம் போட்டு ஒன்றாக வளர்த்துப் பார்த்து 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். 56-ஆம் நாளில் பழைய இனம் 905 கிராம், நடுவிலுள்ளது 1,808 கிராம், புதியது 4,202 கிராம். ஊசி இல்லை, தீவனத்தில் வித்தை இல்லை, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த விதை மட்டும்தான் வித்தியாசம். உங்களுக்கு வரும் குஞ்சு அந்த வழியில் வந்ததுதான். ஐந்து வாரத்தில் இரண்டு கிலோவுக்குப் போகிற உடம்பை, அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாத எலும்பும் இதயமும் சுமக்கின்றன. கால் விரிவது, வயிற்றில் நீர் கோத்துக்கொள்வது, நல்ல கொழுத்த சேவல் திடீரென்று மல்லாந்து செத்துக்கிடப்பது எல்லாம் ஒரே வேரிலிருந்து வருகிறவை. மகள் சொன்ன காரணம் தப்பு, அவளுடைய மனக்கலக்கம் தப்பில்லை. இப்படிப் பிரித்துச் சொன்னால் அவள் கேட்பாள் என்று நினைக்கிறேன்.

15,000 என்ற கணக்கு

சூப்பர்வைசர் சொல்கிற ஐரோப்பியக் கணக்கு அரை உண்மை. 2007-ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய விதி ஒரு சதுர மீட்டருக்கு 33 கிலோ உயிர் எடைவரை அனுமதிக்கிறது, கூடுதல் நிபந்தனைகளோடு 39, மிக நல்ல பதிவுள்ள பண்ணைகளுக்கு 42 கிலோவரைகூடப் போகலாம். உங்கள் கொட்டகை 12,000 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 1,115 சதுர மீட்டர். கோழி 2.1 கிலோவில் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். 12,000 கோழி என்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 22.6 கிலோ, 15,000 என்றால் 28 கிலோவைத் தாண்டுகிறது. தாளில் பார்த்தால் 33-க்குக் கீழேதான். ஆனால் அந்த 33 கிலோ யாருக்கு? சூடு மிஞ்சாதபடி காற்றோட்டம் போதுமான கொட்டகைக்கு, அதுவும் குளிர் நாட்டில். நிபோங் திபால் பக்கத்து மதிய வெயிலில் காற்று அசையாமல் நிற்கிற திறந்த கொட்டகைக்கு அல்ல.

அவரை வேறு நாட்டுச் சட்டத்தை வைத்து மறுக்கவும் வேண்டாம். ரோஸ் இனத்தை விற்கும் நிறுவனத்தின் வளர்ப்புக் கையேட்டிலேயே, வெப்பமான இடங்களில் சூழலைச் சரியாகக் கட்டுப்படுத்த முடியாத திறந்த கொட்டகைக்கு 20 முதல் 25 கிலோ, மிக வெப்பமான மாதங்களில் 16 முதல் 18 கிலோ என்றுதான் போட்டிருக்கிறது. அந்தக் கணக்கில் உங்கள் 12,000-மே சூடான மாதங்களுக்கு அதிகம். கம்பெனி அனுப்பும் குஞ்சு எந்த இனம் என்று கேட்டு, அந்த இனத்தின் கையேட்டை அவரிடமே கேளுங்கள். உங்கள் பண்ணை உரிமத்தில் கோழி எண்ணிக்கை குறிப்பிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள், உரிமம் உங்கள் பெயரில் இருந்தால், அதைத் தாண்டும்போது பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

உமி, வெளிச்சம், வெயில்

இனத்தை உங்களால் மாற்ற முடியாது, எண்ணிக்கைக்குச் சண்டை போட வேண்டியிருக்கும், ஆனால் இந்த மூன்றும் உங்கள் கையில் இருக்கின்றன.

உமியில் தொடங்குங்கள். கொட்டகைக்குள் நின்றபடி மூக்கை வைத்துப் பார்த்தால் போதாது. கோழியின் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்து ஒரு நிமிடம் மூச்சு விட்டுப் பாருங்கள். கண் எரிந்தால் அந்தக் கோழிகளுக்கு நாள் முழுக்க எரிகிறது. அப்புறம் ஒரு கைப்பிடி உமியை இறுக்கிப் பிடித்துத் திறந்து பாருங்கள், உதிர்ந்தால் நல்லது, கட்டியாக நின்றால் ஈரம் அதிகம். பெரும்பாலும் காரணம் ஒழுகும் நிப்பிள்தான். குழாய் வரிசைக்குக் கீழே உமி கறுத்துப் பிசுபிசுத்திருந்தால் அந்த நிப்பிளை மாற்றி, அந்தத் திட்டு உமியை வாரி வெளியே போட்டு, புது உமி போடுங்கள். கிரியான் நெல்வயல் பக்கம் என்பதால் உமிக்கு உங்களுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு வாரமும் ஐம்பது கோழியைத் தூக்கி உள்ளங்காலைப் பாருங்கள். கறுப்பாகப் புண் பிடித்திருக்கிறதா, முட்டிக்குக் கீழே பழுப்புத் தழும்பு இருக்கிறதா என்று எண்ணி எழுதிவையுங்கள். உங்கள் கொட்டகையின் நிலைமையைக் கோழியின் கால் சொல்லும், எந்தக் கருவியும் அவ்வளவு நேர்மையாகச் சொல்லாது.

வெளிச்சம் பற்றி நீங்கள் ஒரு வாக்கியம்தான் எழுதியிருந்தீர்கள், “லைட்டை அணைக்கவே கூடாது என்கிறார்கள்” என்று. குஞ்சு வந்த முதல் சில நாளுக்கு அது சரி, அதற்குப் பிறகு சரியில்லை. இருட்டும் தூக்கமும் இல்லாத கோழிக்குக் கால் கோளாறும் திடீர்ச் சாவும் கூடுகின்றன. நான் சொன்ன ஐரோப்பிய விதி ஒரு நாளில் குறைந்தது 6 மணி நேர இருட்டு கேட்கிறது, அதில் 4 மணி நேரமாவது இடைவிடாமல். நம் ஊரில் கோழி பகல் சூட்டில் தின்னாமல் இரவில்தான் தின்கிறது என்று கம்பெனி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதற்கு வழி, இரவு எட்டு மணியிலிருந்து நடுராத்திரி தாண்டும்வரை இருட்டு, பிறகு குளிர்ந்த பின்னிரவில் வெளிச்சம் போட்டுத் தின்ன விடுவது. முதல் வாரங்களில் எடை கொஞ்சம் பின்தங்கினாலும் பிற்பாடு பெரும்பகுதியைப் பிடித்துவிடும், சாவு குறைவதில் மிச்சத்தை ஈடுகட்டிக்கொள்வீர்கள்.

வெயில்தான் இந்தத் தொழிலில் என்னைப் பயமுறுத்துகிற விஷயம். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது, வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும், நம் காற்றில் ஈரப்பதம் அதிகமென்பதால் அந்த இரைப்பும் பாதிதான் பலிக்கும். காற்று நின்றுபோன கொட்டகையில் தண்ணீரைப் பனியாகத் தெளிக்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மின்விசிறி ஓடாமல் அதைச் செய்யாதீர்கள், ஈரம் ஏறி நிலைமை மோசமாகும். முதலில் காற்று, பிறகு தண்ணீர். வடக்குப் பகுதியில் ஆண்டின் முதல் மாதங்கள் வறண்டவை, மூன்று நாள் தொடர்ந்து 35 டிகிரி தொட்டாலே வானிலை ஆய்வுத் துறை முதல் நிலை எச்சரிக்கை கொடுக்கிறது. அந்த நாள்களில் காலை ஒன்பது பத்து மணிக்கே தீவனத் தட்டைத் தூக்கிவிட்டு மாலை நாலரை ஐந்துக்கு இறக்குங்கள். தின்ற தீவனம் செரிக்கும்போது உடம்பில் சூடு ஏறும், அது உச்சி வெயிலோடு சேரக்கூடாது. கூரையடிக் குழாயில் நின்று சூடாகிப்போன தண்ணீரைத் திறந்து வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் வர விடுங்கள், கையைச் சுடுகிற தண்ணீரைக் கோழி குடிக்காது. மணிக்கொரு தடவை யாராவது கோழிகளை மிரட்டாமல் இடையே நடந்து எழுப்பிவிட்டால், அடியில் அடைந்திருக்கும் சூடு வெளியேறும்.

லேபிள் இல்லாத பொடி

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் அலட்சியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தண்ணீரில் கலக்க “சத்துப் பொடி” என்று பெயரில்லாத பாக்கெட் கொடுக்கிறார்கள் என்றால் கலக்காதீர்கள். பெயர், அளவு, கடைசியாகக் கொடுத்து எத்தனை நாள் கழித்துக் கோழியை ஏற்றலாம் என்ற மூன்றும் எழுத்தில் வந்தால்தான் கலப்பேன் என்று சொல்லுங்கள். கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கால்நடைக்குக் கொடுப்பதை மலேசியா 2019-இல் தடை செய்தது, ஏனென்றால் மனிதனுக்கு வேறு எந்த மருந்தும் கேட்காத நேரத்தில் ஆஸ்பத்திரிகள் கடைசியாகக் கையில் எடுக்கும் மருந்துகளில் அது ஒன்று. நெருக்கமும் ஈரமும் குறைந்தால் மருந்தின் தேவையும் தானாகக் குறையும்.

கோழி பிடிக்கும் ராத்திரி

பிடிக்க வருகிற ஆள்கள் கம்பெனி அனுப்பும் குத்தகைக் கும்பல், ஒரு கையில் நாலைந்து கோழியைத் தலைகீழாகப் பிடித்துக் கூடையில் வீசுகிறார்கள் என்கிறீர்கள். “அது என் ஆள் இல்லையே” என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஆள் உங்களுடையது இல்லை, கொட்டகை உங்களுடையது. அந்த ஒரு மணி நேரத்தில் நீங்களோ நம்பிக்கையான ஒருவரோ அங்கே நிற்க வேண்டும். நீல நிற மங்கல் விளக்கு மட்டும் இருந்தால் கோழி பதறாது. இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள், ஒற்றைக் காலில் தூக்கினால் தொடை எலும்பு மூட்டிலிருந்து கழன்று உள்ளேயே ரத்தம் கட்டும். முடிந்தால் உடம்போடு சேர்த்து நிமிர்த்தித் தூக்குவதுதான் நல்லது. கூடையில் எத்தனை என்பதைச் சூட்டுக்கு ஏற்பக் குறைக்கச் சொல்லுங்கள். தீவனத்தை அறுப்புக்கு முன் 8 முதல் 12 மணி நேரத்துக்குள் நிறுத்துவது வழக்கம், லோரி தாமதமானால் அது பதினெட்டு இருபது மணி நேரமாகிவிடுகிறது. லோரி கிளம்பிவிட்டது என்று போன் வந்த பிறகு தீவனத்தைத் தூக்குங்கள், தண்ணீரைப் பிடிக்கத் தொடங்கும்வரை எடுக்காதீர்கள். அடிபட்ட கோழிக்கும் வழியில் செத்த கோழிக்கும் உங்கள் கணக்கில்தான் பணம் பிடிக்கிறார்கள் என்றால், நிற்பதற்கு உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

சட்டம் உங்களை எப்படிப் பார்க்கிறது

2015-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், சட்ட எண் 772, 2017 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அது நாய் பூனைக்கான சட்டம் என்று பலர் நினைக்கிறார்கள், இல்லை, பண்ணைக் கோழிக்கும் பொருந்தும். அதன் 24-ஆம் பிரிவு விலங்கைப் பராமரிப்பவருக்குக் கடமைகளை வைக்கிறது: ஏற்ற இடம், ஏற்ற உணவு, இயல்பாக நடந்துகொள்ள வாய்ப்பு, வலி, துன்பம், காயம், நோயிலிருந்து பாதுகாப்பு. 29-ஆம் பிரிவு வதைக்கு 100,000 வெள்ளிவரை அபராதமும் மூன்று ஆண்டுவரை சிறையும் வைத்திருக்கிறது. “கோழி கம்பெனியுடையது, நான் வளர்த்துக் கொடுப்பவள்தான்” என்பது முழுக் கவசம் ஆகாது, கோழியைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவரையும் சட்டம் பார்க்கும். அதே நேரம், கடன்பட்டு ஒரு கொட்டகையை நியாயமாக நடத்த முயல்கிற ஒரு பெண்ணைப் பிடித்து உள்ளே போடத்தான் இந்தச் சட்டம் வந்தது என்று பயப்படவும் வேண்டாம். கோழிகள் படும் துன்பம் தெரிந்தே ஒன்றும் செய்யாமல் இருந்தீர்களா, தெரிந்ததும் நியாயமாக முடிந்ததைச் செய்தீர்களா என்பதுதான் உங்கள் நிலையைத் தீர்மானிக்கும்.

அதற்குச் சாட்சி உங்கள் கையெழுத்துதான். தினமும் எத்தனை செத்தது, எத்தனை எடுத்தீர்கள், காலையும் மதியமும் சூடு எத்தனை டிகிரி, என்ன மருந்து, யார் வந்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். சூப்பர்வைசரிடம் வாயால் சொல்வதை உடனே வாட்ஸ்அப்பில் இரண்டு வரியாகவும் அனுப்புங்கள், மலாயில் அனுப்பினால் மேலிடத்துக்கும் புரியும். “இந்தத் திறந்த கொட்டகைக்கு 15,000 அதிகம் என்று நான் கருதுகிறேன், உங்கள் மருத்துவர் வந்து பார்த்து எண்ணிக்கையை எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும், சாவு கூடினால் அந்த நஷ்டம் யாருடையது என்பதையும் சொல்லுங்கள்” என்று மரியாதையாக, தேதியோடு. அக்கா என்று கூப்பிடுகிற பையனோடு சண்டை போட வேண்டியதில்லை, எண்ணிக்கையை முடிவு செய்கிறவர் அவர் அல்ல. ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞர் படிக்கட்டும், குறிப்பாகக் குஞ்சு எண்ணிக்கையை யார் முடிவு செய்வது, எத்தனை மாத முன்னறிவிப்பில் விலகலாம் என்ற இரண்டு இடங்களையும்.

விட்டுவிடலாமா?

இந்த மாதம் முடிவெடுக்காதீர்கள். கடன் பாக்கியோடு விட்டால் கொட்டகை வேறு யாருக்காவது குத்தகைக்குப் போகும், அவர் உங்களைப்போல் கடிதம் எழுதுகிறவராக இருப்பார் என்று சொல்ல முடியாது. இதைச் சொல்லி உங்களைக் கட்டிப்போடவும் எனக்கு மனமில்லை. இந்தத் தொழில் உங்கள் மனசைத் தின்றுகொண்டிருந்தால் கடன் முடிகிற தேதியைக் கணக்கிட்டுக்கொண்டு வெளியேறுவதும் சரியான முடிவுதான்.

மூடிய குளிர்க் கொட்டகையாக மாற்றச் சொல்லிக் கம்பெனி கடன் காட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். சூட்டுச் சாவு நிச்சயம் குறையும். ஆனால் கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடாவிட்டால் கொஞ்ச நேரத்திலேயே கொட்டகை மொத்தமும் செத்துவிடலாம், மாற்று ஜெனரேட்டரும் போனில் கூப்பிடும் எச்சரிக்கை மணியும் இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள். செலவை ஈடுகட்ட நெருக்கம் இன்னும் கூடும் என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கம்பத்துக் கோழி வளர்க்கலாமா என்பது உங்கள் ஆசை. மெதுவாக வளர்கிற இனத்துக்குக் காலும் இதயமும் நன்றாக இருக்கும், அதில் சந்தேகமே இல்லை. மலேசிய வேளாண் ஆராய்ச்சி, மேம்பாட்டு நிறுவனமான மார்டி உருவாக்கிய சாகா கோழி மாதிரி உள்ளூர் இனங்கள் இருக்கின்றன. ஆனால் இரண்டு மடங்குக்கும் மேலான நாள், அதற்குரிய தீவனம், அப்புறம் வாங்குவதற்கு ஆள், இவற்றை நீங்களே பார்க்க வேண்டும். சந்தையில் கம்பத்துக் கோழி என்று விற்பதில் நிறைய, நிறமுள்ள கலப்பினத்தைக் கொட்டகையில் அடைத்து வளர்த்ததுதான், அதோடு விலையில் போட்டி போட வேண்டிவரும். முந்நூறு நானூறு கோழியோடு, இந்தக் கொட்டகையிலிருந்து நன்றாகத் தள்ளி வேறு இடத்தில், வேறு செருப்பு வேறு ஆள் வைத்துச் சோதித்துப் பாருங்கள். பக்கத்திலேயே வைத்தால் நோய் இங்கிருந்து அங்கே போகும், பண்ணையில் வேறு கோழி இருக்கக்கூடாது என்று ஒப்பந்தத்திலும் இருக்கலாம்.

மகளோடு வாதம் வேண்டாம். அவள் கோழி சாப்பிடாதது அவள் முடிவு, அதைச் சமையலறைச் சண்டை ஆக்காதீர்கள். விடுமுறைக்கு வரும்போது கொட்டகைக்குக் கூட்டிப்போங்கள், எதையும் மறைக்காமல், அந்தத் தடுப்பு மூலையையும் சேர்த்துக் காட்டுங்கள். கணக்கியல் படிக்கிற பெண், உங்கள் நோட்டை வாங்கிக் கணினியில் போட்டு 12,000-க்கும் 15,000-க்கும் சாவு, தீவனம், கையில் நிற்கும் பணம் எப்படி மாறுகிறது என்று போட்டுக் கொடுக்கட்டும். என் அனுபவத்தில் கூடுதல் 3,000 குஞ்சில் வளர்ப்பவருக்கு நிற்பது அவர் நினைப்பதைவிடக் குறைவாகத்தான் இருக்கிறது, உங்கள் எண்கள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம். கம்பெனியோடு பேச உட்காரும்போது அந்தத் தாளும் உள்ளங்கால் புண் கணக்கும் உங்கள் கையில் இருக்க வேண்டும், அதனால் இந்தப் பேட்ச் ஏறுவதற்கு முன்பே எண்ணத் தொடங்கிவிடுங்கள்.